அவமதிப்பையும் பிரஷரையும் ஒரே நோட்டில் எழுதுவது எப்படி

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், அன்றைக்கு என்னை யார் எப்படி நடத்தினார்கள் என்பது. வலப்பக்கம், அன்றைய பிரஷர், எத்தனை மணி நேரம் தூங்கினேன், எங்கே வலித்தது. இப்படிச் சேர்த்து எழுதும்படி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை, கடைசியில் சேர்த்தேன்.

நான் புலம்பெயர்ந்து 17 வருடம் ஆகிறது. முதல் 6 வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு டூட்டியில் துப்புரவு வேலை. அதற்குப் பிறகு படித்து, தேர்வு எழுதி, மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். 41 வயதில் எனக்குப் பிரஷர் என்றார்கள். உப்பு எவ்வளவு என்று கேட்டார்கள், பெற்றோருக்கு உண்டா என்று கேட்டார்கள், தினமும் நடக்கிறீர்களா என்று கேட்டார்கள். வெளியில் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும், அதற்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்திருப்பேன்.

அந்த முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளர் முதல் நாளே என் பெயர் நீளம் என்று சொல்லி, மூன்றெழுத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டார். அடையாள அட்டையிலும் அதுவே அச்சானது. 6 வருடம் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன். அதை ஒரு அவமதிப்பு என்று நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. நோட்டு எழுத ஆரம்பித்த பிறகு ஒருநாள் அதையும் எழுதினேன், தேதி இல்லாமல்.

நான் டாக்டர் இல்லை. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் 11 வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள். அங்கிருந்து பார்த்ததையும், என் உடம்பில் பார்த்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். நான் இன்றும் சாப்பிடுகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஒருவர் நம்மைக் கேவலமாகப் பேசும்போது உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, கார்ட்டிசால் ஏறுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கு இது தேவை. நாய் போய்விட்டால் எல்லாம் தணிந்துவிடும். தினமும் துரத்தினால்? துரத்துமோ என்று தினமும் பயந்தால்? 1993-இல் புரூஸ் மெக்யூவன், எலியட் ஸ்டெல்லார் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இப்படித் திரும்பத் திரும்ப முடுக்கிவிடப்படும் உடம்பு காலப்போக்கில் அடையும் தேய்மானத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். தமிழில் அதைத் தேய்மானச் சுமை என்று சொல்லலாம். அதற்கு ஒரு வருடம் முன்பு அமெரிக்காவில் ஆர்லீன் ஜெரோனிமஸ், கறுப்பினப் பெண்களின் உடல்நலம் இள வயதிலேயே தளர்வதைப் பார்த்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து பொரிந்துபோகும் பொருளுக்குச் சொல்லும் வார்த்தையையே மனித உடலுக்கும் சொன்னார்.

இது ஒரு வழி. இன்னொரு வழியில் நரம்பும் ஹார்மோனும் தேவையே இல்லை. பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குகிறார்கள், அதனால் கிடைத்த வேலைக்குப் போகிறோம், அது இரவு வேலையாக, முதுகை ஒடிக்கும் வேலையாக இருக்கிறது. கனடாவில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றாக இருந்தும், ஆங்கிலப் பெயருக்கு வந்த அழைப்புகள் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு வந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். மூன்றாவது வழி மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

ஆய்வாளர்கள் பல நாடுகளில் பார்த்த ஒரு விஷயம் உண்டு. புதிதாக வந்து குடியேறுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்தவர்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள். இளமையும் தெம்பும் உள்ளவர்கள்தானே கிளம்பி வருகிறார்கள். வருடம் போகப் போக அந்த மிச்சம் கரைந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் இனவெறிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாடு, உட்கார்ந்தே இருப்பது, தனிமை, வயது என்று காரணங்கள் பல. ஆனால் அந்தக் கணக்கில் அவமதிப்புக்கும் ஒரு வரி உண்டு. அந்த வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

இடப்பக்கத்தை எழுதும் முறை

'இன்று அவமானப்படுத்தப்பட்டேனா' என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக உடைத்துக் கேட்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. கரீபியனில் செயின்ட் லூசியா தீவில் வளர்ந்து அமெரிக்காவுக்கு வந்த டேவிட் வில்லியம்ஸ் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட 9 கேள்விகள். நான் அவற்றை என் வார்த்தையில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: மரியாதைக் குறைவாக நடத்தினார்களா, மற்றவர்களைவிடக் குறைத்து மதித்தார்களா, கடையிலோ உணவகத்திலோ மட்டமாகக் கவனித்தார்களா, எனக்கு அறிவில்லை என்பது போல நடந்துகொண்டார்களா, என்னைப் பார்த்துப் பயந்தார்களா, ஏமாற்றுக்காரி என்பது போலப் பார்த்தார்களா, தாங்கள் என்னைவிட உசத்தி என்று காட்டிக்கொண்டார்களா, திட்டினார்களா, மிரட்டினார்களா அல்லது தொந்தரவு செய்தார்களா.

இந்தக் கேள்விகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிலும் இனம், நிறம் என்ற சொல்லே கிடையாது. முதலில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்கிறார்கள். எதனால் என்று நினைக்கிறீர்கள் என்பது கடைசியில்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். 'அவர் என் நிறத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தாரா, இல்லை அவருக்கே அன்றைக்கு மனம் சரியில்லையா' என்ற வழக்கை இரவு முழுக்க மனசுக்குள் நடத்தினால் தூக்கம்தான் போகும். நிறமா, உச்சரிப்பா, விசாவா, மதமா, பெண் என்பதாலா என்று நோட்டுக்குத் தீர்ப்பு வேண்டாம். நடந்தது, நேரம், இடம், யார் முன்னால், வந்த வார்த்தை அப்படியே. இவ்வளவு போதும்.

வார்த்தையை அப்படியே எழுதுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கேவலமாகப் பேசினார்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். 'உங்கள் ஆட்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது' என்று அவர் சொன்னதை எழுதி வைத்தால் சந்தேகம் வராது. புகார் கொடுக்கும் நிலை வந்தாலும் அந்த ஒரு வரிதான் நிற்கும்.

எதுவும் நடக்காத நாளிலும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். அந்த நாட்கள் இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. நல்லதாக நடந்ததையும் எழுதலாம். நான் எழுதுகிறேன், கொஞ்சம் கஞ்சத்தனமாக.

அப்புறம், நடக்காததற்கும் ஒரு இடம் விடுங்கள். நடக்குமோ என்று எதிர்பார்த்துச் செய்தவை. கடைக்குள் பையைக் கையில் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டது. பேருந்தில் போன் வந்தபோது தமிழில் பேசாமல் துண்டித்தது. ஒரு கடிதம் வாங்கப் போவதற்கு நல்ல துணியாகப் பார்த்து உடுத்தியது. இந்த ஜாக்கிரதையும் உடம்புக்கு வேலைதான். சொல்லப்போனால், என் நோட்டில் வலப்பக்கம் மோசமாக இருந்த நாட்களில் பாதிக்கு மேல், இடப்பக்கத்தில் யாரும் என்னை எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் தயாராக இருந்தேன்.

வலப்பக்கம்: மெஷினைச் சரியாகக் கட்டுவது

பிரஷர் மெஷினை மேல்கையில் கட்டும் வகையாக வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கையின் நிலை கொஞ்சம் மாறினாலும் தப்பாகக் காட்டும். பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சின்னதாக இருந்தால் எண் கூடக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, புகை, வேகமான நடை எதுவும் வேண்டாம். கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பேசக் கூடாது. இரண்டு முறை அளக்க வேண்டும், நடுவில் ஒரு நிமிட இடைவெளி. இப்படிக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, 7 நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள்.

வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம் என்று ஐரோப்பிய, பிரிட்டிஷ் வழிகாட்டிகள் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் 130/80. எண் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பு என்று ஏதாவது இருந்தால் நோட்டை மூடிவிட்டு அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி எழுதும்போது படுத்த நேரம், தூங்கிய நேரம் இரண்டையும் எழுதுங்கள். நடுவில் உள்ள இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. 'நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், இப்படிக் கேட்டிருக்க வேண்டும்' என்று கூரையைப் பார்த்துக்கொண்டு வசனம் பேசும் நேரம் அது. அவமதிப்புக்கும் பிரஷருக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பகலில் டாக்டரின் அறையில் அளக்கும் எண்ணைவிட, இரவில் அளக்கும் எண்ணில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. சாதாரணமாகத் தூக்கத்தில் பிரஷர் பத்து சதவீதமாவது இறங்க வேண்டும். நான் நோட்டைக் காட்டிய பிறகு என் டாக்டர் 24 மணி நேரம் கையிலேயே இருக்கும் மெஷினைக் கட்டி அனுப்பினார். எனக்கு இரவில் இறங்கவே இல்லை. அதுவரை மூன்று வருடமாக யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்கவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் நோட்டிலும் தூக்கம் கெட்ட நாட்கள் நிறைய இருந்தால், அந்த 24 மணி நேரப் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள்.

'ஒண்ணுமில்லை' என்று சொல்லும் பழக்கம்

நம்மில் நிறையப் பேர் 'எனக்கு அப்படி ஒன்றும் நடந்ததில்லை' என்று சொல்வோம். கௌரவம். இதைச் சோதித்த ஒரு ஆய்வு என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. நான்ஸி கிரீகர், ஸ்டீபன் சிட்னி இருவரும் 1996-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 4,000-க்கும் மேற்பட்ட கறுப்பின, வெள்ளையின இளைஞர்களிடம் எடுத்தது. உழைக்கும் வர்க்கக் கறுப்பின மக்களில், தங்களுக்குப் பாகுபாடே நடந்ததில்லை என்றும், அநியாயத்தைப் பொறுத்துப்போவோம் என்றும் சொன்னவர்களின் பிரஷர், 'ஒன்றிரண்டு இடத்தில் நடந்தது, எதிர்த்துக் கேட்டேன்' என்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது.

அவர்கள் குடியேறிகள் இல்லை, அவர்கள் வரலாறு வேறு. அதனால் அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஒருவேளை சொல்லாமல் விட்டவர்களுக்கு நிஜமாக நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் என் அனுபவத்தில், வாயால் சொல்லாததை நோட்டில் எழுதியபோது ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்தது. எல்லா இடத்திலும் எதிர்த்துக் கேளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேலை போகும், விசா சிக்கலாகும், சில இடத்தில் அடி விழும். கேட்க முடியாத இடத்தில் எழுதிக்கொள்வது என் வழி.

எழுதியதை ஒருவரிடமாவது சொல்லவும் வேண்டும். ஆறுதல் சொல்கிறேன் என்று 'நீ எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய்' என்பவரிடம் வேண்டாம். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்பவரிடம் சொல்லுங்கள். 1983 முதல் 2013 வரை வெளிவந்த 293 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இனவெறி உடம்பைவிட மனதைத்தான் அதிகமாகப் பாதிக்கிறது என்று கண்டார்கள். மனச்சோர்வு, பதற்றம் இரண்டும் முன்வரிசையில். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் டாக்டரிடம் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே போங்கள். இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

டாக்டர் அறைக்குள்

இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பிரெஞ்சு மருத்துவமனைகளில் ஒரு சொல் புழங்குகிறது: 'மத்தியதரைக்கடல் நோய்க்குறி'. ஜெர்மன் மருத்துவமனைகளிலும் அதே கடல் பெயரில், லத்தீன் வேஷம் போட்ட ஒரு சொல் உண்டு. பாடப்புத்தகத்தில் இருக்காது. தெற்கிலிருந்து வந்தவர்கள் வலியைப் பெரிதுபடுத்துவார்கள் என்பதற்கு ஊழியர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கிண்டல் பெயர். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஒரு ஆய்வில், வர்ஜீனியா பல்கலைக்கழக வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைவாக மதிப்பிட்டார்கள்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பிட்ட பிறகு வரும். ஒரு மருத்துவமனைக்கு மூன்று தடவை போனேன். 'மன அழுத்தம்' என்றார்கள். மூன்றாவது தடவை ஒருவர் சிரித்துக்கொண்டே, 'உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர்கள், இல்லையா?' என்றார். நானும் சிரித்தேன்! தினமும் மற்றவர்களின் வலியை அந்த மொழியில் துல்லியமாகச் சொல்லிச் சம்பாதிக்கிறவள், என் வலிக்கு வாய் வராமல் சிரித்துவிட்டு வந்தேன். நான்காவது தடவை என் தோழி கூட வந்தாள். அவளும் மொழிபெயர்ப்பாளர்தான். அவள் இரண்டே கேள்வி கேட்டாள். பித்தப்பைக் கல்லை ஸ்கேனில் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

அந்த இரண்டு கேள்விகளை நான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். ஒன்று: 'இது வேறு என்னவாக இருக்கலாம், அதில் எதையெல்லாம் இல்லை என்று உறுதி செய்துவிட்டீர்கள்?' இரண்டு: 'நான் பரிசோதனை கேட்டேன், நீங்கள் தேவையில்லை என்றீர்கள், அதற்கான காரணம் இது என்று என் ஃபைலில் எழுதிவிடுவீர்களா?' இரண்டாவது கேள்வியைச் சண்டைக்காரத் தொனியில் கேட்க வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். பேனாவை எடுக்கும்போது மனிதர்கள் இன்னொரு தடவை யோசிப்பார்கள். இவற்றை அந்த நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலி வரும்போது மொழி போய்விடும், எனக்கே போனது.

வலியைச் சொல்லும்போது 'தாங்க முடியவில்லை' என்பதைவிட, வலி எதைச் செய்ய விடவில்லை என்று சொல்லுங்கள். படி ஏற முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை, நேற்று இரவு 2 மணியிலிருந்து உட்கார்ந்தே இருந்தேன். இதை 'உணர்ச்சி' என்று தள்ளுவது கஷ்டம்.

முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 'கொஞ்சம் புரியும்' என்றாலும் கேளுங்கள். கடையில் பேசும் மொழி வேறு, அறுவை சிகிச்சைச் சம்மதத் தாளில் இருக்கும் மொழி வேறு. 1980-இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவனை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் சொன்ன ஒரு ஸ்பானிஷ் சொல்லுக்கு 'சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று பொருள். ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல்லுக்குப் போதை என்று பொருள். போதை மருந்து என்று நினைத்துச் சிகிச்சை செய்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு கையும் இரண்டு காலும் செயலிழந்தன. வழக்கு 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் யாரும் அங்கே அழைக்கப்படவில்லை.

தமிழிலும் இப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன. 'மயக்கம்' என்று ஒருவர் சொன்னால், தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவே தப்பி விழுந்துவிட்டாரா என்று நான் நிறுத்திக் கேட்பேன். மூன்றுக்கும் பரிசோதனை வேறு. 'நெஞ்சு கரிக்குது' என்பது வேறு, 'நெஞ்சை அடைக்குது' என்பது வேறு. பதின்வயது மகன் இரண்டையும் 'நெஞ்சுவலி' என்று சொல்லிவிடுவான், அல்லது இரண்டையும் விட்டுவிடுவான். 'மனசு சரியில்லை' என்று ஒரு அம்மா சொன்னதை மகள் 'அம்மா கொஞ்சம் களைப்பாக இருக்கிறார்' என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி அந்நியரிடம் வேறு எப்படிச் சொல்வாள்? பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். அவர்கள் கேட்கக் கூடாததைக் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவர்களும் தூங்குவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டால், டாக்டரைப் பார்த்துப் பேசுங்கள், எங்களைப் பார்த்து அல்ல. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. ஆனாலும் 'இவர் எங்களுக்குத் தெரிந்தவர், வேறு ஒருவர் வேண்டும்' என்று கேட்பது உங்கள் உரிமை. நாங்கள் கோபித்துக்கொள்ளமாட்டோம். கொஞ்சம் கோபிப்போம், பரவாயில்லை.

கருவிகளையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி, தோல் கருமையாக இருந்தால், ரத்தத்தில் உண்மையில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடலாம். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், அந்தக் கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதத்தில். தமிழர்களில் பலருக்கும் தோல் கருமைதான். மூச்சு வாங்குகிறது, எண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பப் பார்த்தால், 'என் தோல் நிறத்தில் இது கூடக் காட்டலாம் அல்லவா, ரத்தத்தில் பார்ப்பீர்களா?' என்று கேளுங்கள். உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, உடம்பு வெளுத்திருக்கிறதா என்பதெல்லாம் வெளுத்த தோலை வைத்து எழுதிய அடையாளங்கள். கருத்த தோலில் ஈறு, நாக்கு, கீழ் இமையின் உட்புறம், உள்ளங்கை ஆகிய இடங்களைக் காட்டுங்கள். சர்க்கரை நோய்க்கும் இதே கதை: உடல் எடைக் குறியீடு 25 வரை சரி என்பது பொது விதி. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது.

வயிற்றில் குழந்தை இருந்தால்

2008 மே 12 அன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சிறு ஊரில், ஒரு இறைச்சி ஆலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் நுழைந்து கிட்டத்தட்ட 400 பேரைக் கைது செய்தார்கள். ஹெலிகாப்டர் எல்லாம் வந்தது. அதன் பிறகு 37 வாரங்களில் அந்த மாநிலத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது, எடை குறைந்து பிறக்கும் அபாயம் முந்தைய வருடத்தின் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளையினத் தாய்மார்களிடம் அப்படிக் கூடவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்த, யாரும் நாடு கடத்த முடியாத லத்தீன் வம்சாவளித் தாய்மாருக்கும் கூடியிருந்தது. ஆலை இருந்தது ஒரு ஊரில், பாதித்தது மாநிலம் முழுக்க. 2001 செப்டம்பருக்குப் பிறகான ஆறு மாதத்தில் கலிஃபோர்னியாவில் அரபுப் பெயருள்ள தாய்மாரிடமும் இதையே கண்டார்கள்.

ஆகவே, கர்ப்பமாக இருக்கும்போது ஊரில் ஒரு கலவரமோ, கெடுபிடியோ நடந்தால் உங்களுக்கு நேராக எதுவும் நடக்காவிட்டாலும் மருத்துவச்சியிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை முன்னால் போடச் சொல்லுங்கள். பயத்தால் ஒரு பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். தெருச் சண்டை வீடியோக்களை இரவு படுக்கையில் பார்ப்பதை நிறுத்துங்கள். இதைக் கர்ப்பிணிகளுக்கு மட்டும் சொல்லவில்லை.

புகார்

முதலில் உங்கள் மருத்துவ ஃபைலின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், அமெரிக்காவில் 30 நாளுக்குள். அதோடு உங்கள் நோட்டின் இடப்பக்கத்தை வைத்துப் பாருங்கள். தேதிகள் பொருந்தும்.

கெடு முக்கியம். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் மீது பொதுவாக 12 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்கு 180 நாள். புகாரில் உணர்ச்சியைக் குறைத்து, என்று, எங்கே, யார், என்ன வார்த்தை, அதனால் எந்தச் சிகிச்சை தாமதமானது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மன்னிப்பா, வேறு டாக்டரா, ஃபைலில் திருத்தமா என்று கேட்காவிட்டால் எதுவும் வராது. 1965-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவில் மருத்துவ வசதிக்கான உரிமை தெளிவாக இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுதினால் யாரும் நடுங்கப் போவதில்லை. எழுதுகிறவருக்குக் கொஞ்சம் முதுகு நிமிரும், அவ்வளவுதான்.

பித்தப்பை விஷயத்தில் நானும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து, 'உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. தோன்றியது எனக்கு, கல் இருந்தது ஸ்கேனில். இரண்டாவது கடிதம் எழுதினேன். 'உணர்ச்சிவசப்படும் நோயாளி' என்று ஃபைலில் இருந்த வரியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நோயின் பெயரை எழுதினார்கள். மன்னிப்பைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது. அடுத்த டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தானே என் முகத்தைப் பார்ப்பார்.

மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த நாளன்று அடையாள அட்டைக்குப் பெயர் கேட்டார்கள். முழுப் பெயரையும் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு தடவை எழுத்துக் கேட்டாள், மூன்றாவது தடவை அவளே சொல்லிப் பார்த்தாள். சரியாகவே சொன்னாள். அப்போது நோட்டு கிடையாது. பின்னால் அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது அதே பெண், எழுத்துக் கேட்காமலே தட்டச்சு செய்தாள். அன்றைக்கு இடப்பக்கத்தில் அதை எழுதினேன். வலப்பக்கத்தில் மாலை எண் 141/90. அதையும் எழுதிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.